இருநூற்றுப் பதின்மூன்றாவது சத்தம்

நெடுங்கொம்பையில் சேவல் கூவினால் அதன் கோழிக்கு மட்டும்தான் கேட்கும். அடுத்த வீட்டுக்காரன் வெயில் முகத்தில் அடித்த பிறகுதான் எழுந்திருப்பான். குக்கர் விசில் அடுப்படியைத் தாண்டாது. மாமியார் மருமகள் சண்டைகூட வாசற்படியோடு சரி. தெருவுக்கு வந்துவிட்டால் இரண்டு பேர் வாயைத் திறந்து திறந்து மூடுவதுதான் தெரியும், விஷயம் தெரியாது. வேடிக்கை பார்க்கக் கிளம்பியவர்கள் சப்பென்று திரும்பி வருவார்கள்.

இப்படி ஆகி ஐந்து வருடம். அதற்கு முன்னால் நெடுங்கொம்பை என்றால் அடிவாரத்துக்காரர்களுக்கே சரியாகத் தெரியாது. ஆரஞ்சு மரங்கள் நோயில் பட்டுப்போய், காப்பியும் கைவிட்டு, இளவட்டங்களெல்லாம் திருப்பூருக்கு பனியன் தைக்கப் போய்க்கொண்டிருந்த மலையூர். அப்போதுதான் ஊரைச் சுற்றுலாத் தலமாக்குகிறோம் என்று அமைதி மையத்துக்காரர்கள் வந்தார்கள். தெருவுக்கு நாலு, மலைச் சரிவுக்கு நாலு என்று கம்பம் நட்டு, கம்பத்துக்கு ஒரு பெட்டி மாட்டினார்கள். கீழே சமவெளியில் தலைக்கு மேல் ராப்பகலாக ட்ரோன்கள் இரைந்துகொண்டிருந்த காலம். ஒரு வாரம் காது ஓய்ந்து கிடந்தால் போதும் என்று ஏங்கியவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். முதலில் தியான மாநாடு வந்தது. பிறகு வருடத்துக்கு நாலைந்து மாநாடுகள். இந்த வருடம் உலகச் சதுரங்க இறுதிப் போட்டியே மலையேறி வந்துவிட்டது. வீட்டுக்கு வீடு விருந்தினர் அறை, ஊருக்கு ஓர் ஆஸ்பத்திரி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட பஸ். திருப்பூர் போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். இதையெல்லாம் வாய்க்கு வந்தபடி குறை சொல்லிவிட முடியாது.

அழகுராசுவால் நிச்சயமாக முடியாது. மையத்தின் காதே அவன்தான். நாற்பத்தேழு வயது. அதற்கு முன்னால் அவன் மைக்செட் வைத்திருந்தவன் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், எதுவானாலும் வேப்பமரத்தில் இரண்டு குழாயைக் கட்டி, மூன்று மலைக்கு அந்தப்பக்கம் கேட்கும்படி பாட்டுப் போடுவான். ஊரின் சத்தம் மொத்தமும் அவனுக்கு அத்துப்படி. அதனால்தான் சென்னையிலிருந்து வந்த மேலாளர் சாருலதா அவனைத் தேடிப் பிடித்தாள்.

"ரொம்ப சிம்பிள் அண்ணா" என்று முதல் நாள் சொன்னாள். "ஒரு சத்தம் வருதுன்னா, அதையே தலைகீழாத் திருப்பி அது மேல விடணும். ரெண்டும் சேர்ந்து காணாமப் போயிடும். கம்பத்துல இருக்கற பெட்டிங்க வேலை அதுதான்."

"எந்தச் சத்தம் வந்தாலுமா மேடம்?"

"தெரிஞ்ச சத்தம்னா உடனே அழிச்சிடும். தெரியாததுன்னா மெஷின் தடுமாறும். அதனால ஊர்ல இருக்கற ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு மாதிரி வேணும். பக்கத்துல எது அழிக்கணும், எது விடணும்னு நீங்க எழுதித் தரணும்."

"விடறதும் உண்டா?"

"குருவி, ஓடை, தாலாட்டு. விருந்தாளிங்களுக்கு அதெல்லாம் பிடிக்கும். அப்புறம் எச்சரிக்கை. ஆம்புலன்ஸ், ஹாரன், தீயணைப்பு மணி. அதையெல்லாம் விட்டே ஆகணும்."

சென்னையிலிருந்து வந்த பட்டியலில் நானூற்றுப் பன்னிரண்டு சத்தங்கள். அழகுராசு ஒரு வருடம் மைக்கைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைந்தான். ஜனங்கள் போட்டோவுக்கு நிற்பதுபோலத் தலை சீவிக்கொண்டு வந்து நின்று இருமினார்கள், தும்மினார்கள், ஆட்டைக் கூப்பிட்டார்கள். அவன் மச்சினன் பரமன் மரம் வெட்டுகிறவன். மரம் சாயும்போது போடுகிற கூப்பாட்டை மூன்று தடவை போட்டுக் காட்டினான்.

"ஓஓஓ... சாயுதேய்! எப்படி மாமா? ரெண்டாவது நல்லா வந்துச்சுல்ல? இன்னொண்ணு கத்தட்டா?"

"போதும்டா, காது போயிரும்" என்று அழகுராசு சிரித்துக்கொண்டே, எண்பத்தெட்டாவது வரிக்குப் பக்கத்தில் 'கூச்சல், அழிக்க' என்று எழுதினான்.

ஒரே ஒரு வரிதான் அவனைப் படுத்தியது. இருநூற்றுப் பதின்மூன்று, ஒப்பாரி. சுற்றுவட்டம் ஏழு ஊரிலும் ஒப்பாரிக்கு முதல் குரல் அவன் மனைவி போதும்பொண்ணுதான். எங்கே எழவு விழுந்தாலும் அவளுக்குத்தான் முதலில் ஆள் வரும். ஆகவே இது சுலபம் என்று நினைத்து, அவள் சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது மைக்கை நீட்டினான்.

"எவன் செத்துட்டான்னு பாடச் சொல்றீங்க?" என்று திரும்பினாள் அவள்.

"மாதிரிக்குத்தான் புள்ள. நாலே வரி."

"எழவு விழாத வீட்டுல ஒப்பாரி வச்சா எழவு வந்து வாசல்ல நிக்கும். தாலாட்டுக் கேட்டீங்க, பாடிக் குடுத்தேன். இதக் கேக்காதீங்க. மைக்க அங்கிட்டு எடுங்க மொதல்ல."

வேறு இரண்டு பெண்களிடம் போனான். ஒருத்தி கதவைச் சாத்திக்கொண்டாள். இன்னொருத்தி அவன் போன பிறகு வாசலில் தண்ணீர் தெளித்தாள் என்று கேள்வி. கெடு முடிகிற நாளில் அழகுராசு அந்த வரிக்குப் பக்கத்தில் 'இவ்வூரில் வழக்கமில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டான். பட்டியல் முழுவதிலும் தான் செய்த தப்பு அது ஒன்றுதான் என்றே நான்கு வருடம் நினைத்துக்கொண்டிருந்தான்.

அந்த நான்கு வருடத்தில் அவனுக்குச் சலித்துப்போகாதது எதுவும் மிச்சமில்லை. ஊருக்கெல்லாம் அமைதி. அவனுக்கு மட்டும் அது கிடையாது. அழிக்க வேண்டிய சத்தத்தை மெஷின் முதலில் கேட்டாக வேண்டுமே. மெஷின் கேட்பதையெல்லாம் காதுக்கருவி வழியாக அவனும் கேட்டாக வேண்டும். ஏதாவது தெரியாத சத்தம் வந்தால் திரையில் கேள்வி வரும். அழிக்கவா, விடவா? மேசையில் ஆள் இல்லாவிட்டால் மெஷின் தானாகவே அழித்துவிடும். ஆகவே ஊரின் இருமலும் ஏப்பமும் சண்டையும் தினமும் எட்டு மணிநேரம் அவன் தலைக்குள்ளே ஓடின. வீட்டுக்கு வந்தால் போதும்பொண்ணு பேசுவதைக்கூட அவனால் கேட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை. அவளும் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

சதுரங்கப் போட்டியில் இரண்டு பேரும் சமமாக வந்து, எல்லாம் கடைசி ஆட்டத்தில் நின்றது. அது புதன்கிழமை. அதற்கு முந்தின நாள் காலையில் மேற்குச் சரிவில் ஒரு சவுக்கு மரத்தை வெட்டினார்கள். மரம் எதிர்பாராத பக்கமாகத் திரும்பியது. வெட்டியவர்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். முப்பது அடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு பரமன் கயிறு சுற்றிக்கொண்டிருந்தான். பெட்டிகள் தங்கள் வேலையைச் செய்தன.

வெட்டியவர்களைத் தவிர அந்தச் சத்தத்தைக் கேட்டவன் ஊரிலேயே அழகுராசு ஒருவன்தான். 'சாயுதேய்' என்று காதுக்கருவியில் வந்தது. எண்பத்தெட்டு, அழிக்க, என்று திரை சொன்னது. ஒரு நாளைக்கு இருபது தடவை கேட்கிற சத்தம். அவன் டீயைக் குடித்து முடித்தான்.

விவரம் தெரிந்தபின் அவன் முதலில் செய்தது, அந்த வரியை எச்சரிக்கை என்று மாற்றியதுதான். மாற்றுவதற்கு இரண்டு விநாடிகூட ஆகவில்லை. அதை நினைத்துத்தான் கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதான்.

அடிவாரத்து ஆஸ்பத்திரியில் அறுத்துக் கட்டிக் கொடுக்கப் புதன்கிழமை பகல் ஆகிவிட்டது. பரமனின் உடலை மேலே கொண்டுவரும் முன்னால் சாருலதா அழகுராசுவின் வீட்டுக்கே வந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது. பத்து நாளாக அவளும் சரியாகத் தூங்கவில்லை.

"அக்கா, நான் கேக்கறது தப்புதான்" என்று போதும்பொண்ணின் முன்னால் நின்றாள். "மலைப்பாதையில பதினேழாவது வளைவுக்குக் கீழ எங்க பெட்டி கிடையாது. அங்க மண்டபம் ஏற்பாடு பண்றேன். பந்தல், வண்டி எல்லாம் மையம் பார்த்துக்கும். அங்க வச்சு எப்படி வேணும்னாலும் அழுங்க. இங்க வந்தா கொட்டுச் சத்தம்கூட உங்க வாசலைத் தாண்டாது."

போதும்பொண்ணு முந்தின நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "அவன் இந்த வீட்டுல வளந்தான்" என்றாள். "இந்த வீட்டுல இருந்துதான் போவான். ரோட்டோரத்துல வச்சு அழ அவன் என்ன அனாதையா?"

"நாளைக்கு எடுக்க முடியாதா அக்கா? இன்னிக்கு ராத்திரியோட போட்டி முடிஞ்சிடும். நாளைக்குப் பெட்டி எல்லாத்தையும் நிறுத்தி வைக்கிறேன்."

"வாலிபச் சாவு. பொழுது சாயறதுக்குள்ள எடுக்கணும்."

சாருலதா அதற்குமேல் கேட்கவில்லை. வாசற்படியைத் தாண்டும் முன் அழகுராசுவிடம் மெல்லச் சொன்னாள்: "அண்ணா, ஹாலுக்குள்ள சத்தம் போச்சுன்னா ஆட்டத்தை நிறுத்திடுவாங்க. அடுத்த வருஷம் வேற நாட்டுக்குப் போயிடும். முந்நூறு வீடு இதை நம்பி இருக்கு. கொட்டு, சங்கு, வேட்டு எல்லாம் பட்டியல்ல இருக்கு இல்ல?"

"இருக்கு மேடம்."

"அழுகை?"

"அழுகையும் இருக்கு" என்றான். அதுவும் உண்மைதான். நாற்பத்திரண்டாவது வரி, அழுகை, சாதாரணம்.

இரண்டு மணிக்குப் பரமன் வந்தான். பெஞ்சில் கிடத்தி, நெற்றியில் காசு வைத்தார்கள். கொட்டுக்காரர்கள் தெருமுனையில் அடித்தார்கள். கை மேலும் கீழும் போவது தெரிந்தது, அவ்வளவுதான். ஓர் ஓரத்தில் நின்றவனுக்கு மறு ஓரத்தில் அடிப்பது கேட்காததால் அடி ஆளுக்கு ஒரு பக்கம் போயிற்று. பாதியில் அவர்களே நிறுத்திவிட்டுக் குச்சியைக் கீழே வைத்தார்கள்.

போதும்பொண்ணு புருஷனைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"நான் வாயத் தொறந்தா வாசலத் தாண்டுமா?"

"தெரியல புள்ள."

"தெரியலன்னா என்ன அர்த்தம்? நீங்கதான ஒக்காந்து பாக்குறீங்க?" அவள் குரல் உடையவில்லை, கனத்தது. "ஆத்தா போனப்ப அவனுக்கு நாலு வயசு. இடுப்ப விட்டு எறக்காம வளத்தது நானு. ஊரு கேக்காம அவன அனுப்ப மாட்டேன். சொல்லிப்புட்டேன்."

மூன்று மணிக்கு ஆட்டம். அழகுராசு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான். எழவு வீட்டில் மச்சினனை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறானே என்று பெரியவர் ஒருவர் காறித் துப்பினார். சத்தம் கேட்கவில்லை, துப்பியது தெரிந்தது. அவருக்கு எப்படி விளக்குவது? மேசையில் அவன் இல்லையென்றால் தெரியாத சத்தத்தை மெஷின் தானாக அழித்துவிடும். அவன் உட்கார்ந்திருந்தால்தான் அது அவனைக் கேட்கும்.

மூன்றரைக்குச் சங்கு. அழி. மூன்று முப்பத்தைந்துக்கு ஊர்ப் பெண்களின் அழுகை. அழி. அழகுராசு விரலை மேசையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தான். பிறகு அவள் குரல் வந்தது.

*தொட்டில் கட்டித் தூங்க வச்ச தோள்வலியும் ஆறலியே*
*கட்டிக் கரும்பே நீ கட்டைமேலே கண்ணசந்தா ஆகுமாடா...*

திரை தடுமாறியது. அதற்கு இந்தச் சத்தம் தெரியாது. ஆனால் குரல் தெரியும். ராகமும் தெரியும். இருபது வருடம் மைக்செட் வைத்திருந்தவனுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். அவர்கள் ஊரில் தாலாட்டும் ஒப்பாரியும் ஒரே ராகம். பிள்ளையைத் தூங்கப் போடுகிற அதே இழுப்பில்தான் பிணத்தையும் அனுப்புவார்கள். ஆறு விநாடி கழித்துத் திரையில் எழுத்து வந்தது.

'31. தாலாட்டு. விடலாமா?'

அழகுராசு விடு என்று அழுத்தினான்.

கம்பத்துப் பெட்டிகள் வாயை மூடிக்கொண்டன. ஐந்து வருடத்துக்குப் பிறகு நெடுங்கொம்பையின் மேல் ஒரு மனுஷியின் குரல் ஏறியது. தெருவில் போனவர்கள் நின்றார்கள். வயல்காட்டில் குனிந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். என்ன ஏது என்று யாரும் கேட்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு அந்தத் திசையில் நடக்க ஆரம்பித்தார்கள். போட்டி மண்டபத்தில் ஆட்டக்காரர் இருவரும் பலகையிலிருந்து தலையைத் தூக்கியதை உலகம் முழுக்கப் பார்த்தார்கள்.

சாருலதா கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள்.

"என்ன அண்ணா இது? என்ன சத்தம்?"

"தாலாட்டு மேடம்." அவன் திரையைக் காட்டினான். பச்சை விளக்கு எரிந்தது.

"தாலாட்டா?" அவளுக்கு மூச்சு வாங்கியது. சன்னலைத் திறந்து கேட்டாள். சென்னையில் அடுக்குமாடியில் வளர்ந்தவள். அவளுக்கும் ஏதோ இடறியது. "யாருக்குப் பாடறாங்க?"

"அவ தம்பிக்கு."

சாருலதா அவனைப் பார்த்தாள். மண்டபத்திலிருந்து யாரோ அவள் காதுக்கருவியில் ஆங்கிலத்தில் கேட்டார்கள். அவளும் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். இந்த மலையின் தாலாட்டு, குழந்தைகளுக்குப் பாடுவது, பட்டியலில் அனுமதி இருக்கிறது என்று சொன்னாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எவ்ளோ நேரம் பாடுவாங்க?"

"அவனைத் தூக்குற வரைக்கும்."

"சரி" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆட்டம் நிற்கவில்லை. பொழுது சாயும் முன் பரமனை எடுத்தார்கள். ஏழு ஊர் ஜனமும் வந்திருந்தது.

கதை இதோடு முடிந்திருக்கலாம். மூன்று வாரம் கழித்து தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. உலகம் முழுவதும் பார்த்தவர்களுக்கு அந்தத் தாலாட்டு மிகவும் பிடித்துவிட்டதாம். ஆட்டக்காரர் ஒருவரே பேட்டியில் அதைச் சொன்னாராம். அடுத்த இரண்டு வருடத்துக்கு விருந்தினர் அறை ஒன்றுகூடக் காலியில்லை. போட்டியும் இங்கேயே நடக்கும். ஆகவே மெஷினில் பதிவான அந்தப் பாட்டு, வருகிற மாதத்திலிருந்து எல்லா அறைகளிலும் விருந்தினர்கள் படுக்கப் போகும் நேரத்தில் ஒலிக்கும்.

"மெஷின்ல பதிஞ்சது எல்லாம் மையத்துக்குச் சொந்தம்னு ஒப்பந்தத்துல இருக்கு" என்றாள் சாருலதா. அவனை நேராகப் பார்க்கவில்லை. "நான் வேண்டாம்னு சொல்லிப் பார்த்தேன் அண்ணா. அது என்னன்னு உண்மையைச் சொன்னா நிறுத்திடுவாங்க. சாவுப் பாட்டைப் போட்டு யாரும் விருந்தாளியைத் தூங்க வைக்க மாட்டாங்க. ஆனா சொல்லிட்டா..."

"இருநூத்திப் பதிமூணுல ஏத்தணும்."

"ஆமா. எழவுச் சத்தம்னா அழிக்கத்தான் சொல்வாங்க. அப்புறம் எப்பவும் வெளிய கேக்காது."

அழகுராசு வீட்டுக்குப் போனான். போதும்பொண்ணு முறத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். அவன் ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். எண்பத்தெட்டாவது வரியையும் அன்றுதான் சொன்னான். அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. விரல் மட்டும் வேகம் குறைந்தது. அவனைப் பார்க்காமலே கேட்டாள்.

"தெனமும் போடுவாகளா?"

"தினமும்."

"தெனமும் எவன் சாவான்?"

உரித்த தோலைக் கூட்டி ஒரு பக்கம் ஒதுக்கினாள்.

"சொல்லிருங்க" என்றாள் கடைசியில். "அது தாலாட்டு இல்லன்னு சொல்லிருங்க. என் தம்பி எழவ எவனும் மெத்தையில படுத்துக்கிட்டுக் கேக்க வேணாம்."

"சொன்னா இனி யார் செத்தாலும் ஊருக்குக் கேக்காது புள்ள. நீ பாடுனாலும் கேக்காது."

"தெரியுது." முறத்தைத் தள்ளி வைத்தாள். "நான் செத்தா அந்தப் பதினேழாவது வளைவுக்குக் கீழ கொண்டு போயிருங்க. ரோட்டோரமா இருந்தாலும் பரவால்ல. அங்க வச்சு அழுங்க."

மறுநாள் காலை அழகுராசு மேசையில் உட்கார்ந்து, 'இவ்வூரில் வழக்கமில்லை' என்பதை அடித்துவிட்டு, 'உண்டு, அழிக்க' என்று எழுதினான். மாதிரியை ஒருமுறை முழுவதும் கேட்டுத்தான் கற்றுக்கொள்ள முடியும் என்றது மெஷின். அதற்கு ஒரு மணி பத்து நிமிடம் ஆகும். காதுக்கருவியைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம், யாரும் கேட்கப்போவதில்லை. அவன் கழற்றவில்லை. 'தொட்டில் கட்டித் தூங்க வச்ச' என்று அவள் ஆரம்பித்ததிலிருந்து தூக்கியபோது குரல் அறுந்தது வரைக்கும் உட்கார்ந்து கேட்டான். பிறகு திரையில் 'கற்றாயிற்று' என்று வந்தது.